களைத்த உடல் தேறும் நேரம்

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் ஹாக்கி அணி 13 நாட்களில் 8 ஆட்டங்கள் ஆடியது. 2021 ஜூலை 24-ஆம் தேதி நியூசிலாந்தை 3-2 என்று வென்ற அணி, மறுநாளே ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றது. 27-ஆம் தேதி ஸ்பெயின், 29-ஆம் தேதி அர்ஜென்டினா, அடுத்த நாளே ஜப்பான். ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலிறுதி, 3-ஆம் தேதி அரையிறுதி. 5-ஆம் தேதி ஜெர்மனிக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த அணி, 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் பெற்றது. மகளிர் அணியும் ஏறக்குறைய அதே நெருக்கடியில் 8 ஆட்டங்கள் ஆடி நான்காம் இடம் பிடித்தது. ஒரே ஆட்டத்தில் முழு வேகத்தில் ஓட வலுவுள்ள ஆட்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். எட்டாவது ஆட்டத்திலும் அதே வேகத்தில் ஓட முடிகிறதா என்பதுதான் பதக்கப் போட்டிகளின் சோதனை. அதற்கான விடை ஆட்டங்களுக்கு இடைப்பட்ட மணி நேரங்களில் இருக்கிறது.

அந்த இரு அணிகளும் உருவான இடம் பெங்களூரு. ஞானபாரதி பகுதியில், பெங்களூர் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம்தான் பல ஆண்டுகளாக இந்திய ஹாக்கியின் பயிற்சி வீடு. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இரு அணியினரும் மாதக்கணக்கில் அந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தார்கள். அரியலூரிலிருந்து கார்த்தி செல்வமும் கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேலும் பின்னர் இந்திய அணிக்குத் தேர்வாகி வந்து சேர்ந்ததும் இந்த முகாமுக்குத்தான். ஆடவர் அணிக்கு ராபின் ஆர்கெல், மகளிர் அணிக்கு வேய்ன் லொம்பார்ட் என்று அறிவியல் ஆலோசகர்கள் தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்தபடியாக இருந்து ஓட்டம், எடை, உணவு, ஓய்வு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். திறமைக்கு இந்திய ஹாக்கியில் எந்தக் காலத்திலும் குறைவிருந்ததில்லை. இந்தக் கணக்குத்தான் நெடுங்காலம் இல்லாமல் இருந்தது.

இன்றைய சர்வதேச ஹாக்கி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளாக ஆடப்படுகிறது. ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒரு முன்கள வீரர் சில நிமிடங்கள் வெறிகொண்டு ஓடிவிட்டு வெளியே வந்து, மூச்சு வாங்கியபின் மீண்டும் உள்ளே போகிறார். குனிந்த நிலையில் ஓட்டம், திடீர் நிறுத்தம், திசைமாற்றம் என்று ஆட்டம் முழுக்கத் துண்டு துண்டான உச்ச முயற்சிகள். ஒவ்வொரு துண்டுக்கும் உடல் பெரும்பாலும் பிராணவாயு இல்லாமலேயே எரிசக்தி எடுத்துக்கொள்கிறது. துண்டுகளுக்கு இடையே அந்தக் கடனை அடைப்பது பிராணவாயுவைப் பயன்படுத்தும் அமைப்பு. இதயமும் நுரையீரலும் தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கின்றனவோ அவ்வளவு விரைவாக அடுத்த ஓட்டத்துக்கு ஆள் தயார்.

இதை அளக்கப் பயன்படுவது யோ-யோ சோதனை. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்தது. 20 மீட்டர் ஓடி, திரும்பி 20 மீட்டர் வந்து, 10 வினாடி இளைப்பாறி மீண்டும் ஓட வேண்டும். ஒலிப்பதிவில் மணி ஒலிக்கும் இடைவெளி போகப் போகக் குறையும். இரண்டாம் முறை மணிக்கு முன்னால் கோட்டைத் தொட முடியாமல் போனால் சோதனை முடிந்தது. கிரிக்கெட்டில் இது அணித் தேர்வோடு சேர்த்துப் பேசப்பட்டுப் பெயர் பெற்றுவிட்டது. ஆனால் அதன் உண்மையான பயன் ஒருவரைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் இல்லை. அதே ஆள் மூன்று மாதத்துக்கு முன் எங்கே இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒப்பிடுவதில்தான் இருக்கிறது.

பயிற்சி என்பது உடலுக்குக் கொடுக்கப்படும் தொந்தரவு. எடை தூக்கினாலும் விரைந்து ஓடினாலும் தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, எரிபொருள் இருப்புக் குறைகிறது, நரம்பு மண்டலம் சோர்கிறது. பயிற்சி முடிந்த அந்த நிமிடத்தில் அளந்தால் காலையில் வந்ததைவிட வலுக்குறைந்த ஆள்தான் நிற்பார். அடுத்த ஒரு நாள், இரண்டு நாளில் உடல் சேதத்தைச் சரிசெய்து, அதே தொந்தரவு மறுபடி வந்தால் தாங்கும் வகையில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறது. கடும் பயிற்சிக்குப் பின் தசைப் புரதம் உருவாகும் வேகம் 24 முதல் 48 மணி நேரம் வரை உயர்ந்தே இருக்கும். அந்தக் காலத்தில் உணவும் உறக்கமும் கிடைக்காவிட்டால் சேதம் மட்டும் மிஞ்சும். ‘இன்னும் ஓடு, இன்னும் ஓடு’ என்று விரட்டுவதையே பயிற்சி என்று நினைக்கும் பயிற்சியாளர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வீணாகிப்போன சிறுவர், சிறுமியரின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

சுமையை அளக்க இன்று தேசிய அணியினர் தோள்பட்டைகளுக்கு நடுவே ஜிபிஎஸ் கருவி பொருத்திய உள்ளாடை அணிகிறார்கள். எத்தனை மீட்டர் ஓடினார், அதில் எவ்வளவு உச்ச வேகத்தில், எத்தனை முறை சடக்கென்று நின்றார் என்பதெல்லாம் பதிவாகும். இந்தக் கருவி வாங்க முடியாத பள்ளிகளுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பிரபலப்படுத்திய முறைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, ‘இன்று எவ்வளவு கடினமாக இருந்தது? பத்துக்கு எத்தனை?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு ஒரு பெண் 7 என்றால் அன்றைய சுமை 630. வாரம் முழுக்கக் கூட்டினால் வாரச் சுமை. போன வாரத்தைவிட இந்த வாரம் திடுமென ஏறியிருந்தால் எச்சரிக்கை. எல்லாரும் 5 என்று சொன்ன பயிற்சிக்கு ஒருத்தி மட்டும் 9 என்றால், அவளுக்குக் காய்ச்சலோ, தூக்கமின்மையோ, வீட்டில் பிரச்சினையோ இருக்கலாம் என்று பொருள். எந்தக் கருவியும் இதைவிடச் சீக்கிரம் சொல்லாது.

எடைப் பயிற்சியைப் பொறுத்தவரை இந்தியாவில் இன்னும் ஒரு தயக்கம் உண்டு, பெண்கள் விஷயத்தில் கூடுதலாக. உடம்பு இறுகிவிடும், வேகம் போய்விடும் என்பார்கள். நடப்பது நேர் எதிர். வலுவான தொடையும் இடுப்பும்தான் ஓட்டத்தின் முதல் மூன்று அடிகளைத் தருகின்றன, நிற்கும்போது முழங்காலைக் காக்கின்றன. தொடையின் பின்தசைக்கான நார்டிக் பயிற்சிக்கு முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை முன்னோக்கி மெல்லச் சாய்த்தால் போதும், கருவியே தேவையில்லை. அதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் அந்தத் தசைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றன. இந்த வலுவின் பயன் ஆட்டத்தில் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் 17-ஆம் நிமிடத்திலேயே தற்காப்பு வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி ஆட்டம் முழுவதும் இந்தியா பத்துப் பேருடன் பிரிட்டனை எதிர்கொண்டது. 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றது. கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷின் திறமைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஓர் ஆள் குறைந்த இடத்தை 40 நிமிடத்துக்கு மேல் ஓடி ஓடி நிரப்பிய கால்களுக்கும் உண்டு.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே பயிற்சி எடுத்தாலே இரத்தம் ஊறும் என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. இரத்தச் சிவப்பணு பெருகும் அளவுக்குப் பிராணவாயு குறைய வேண்டுமானால் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல், வாரக்கணக்கில் தங்க வேண்டும். விளையாட்டு ஆணையம் அதற்கென்றே இமாச்சலப் பிரதேசத்தில் ஷில்லாரூ மையத்தை வைத்திருக்கிறது. பெங்களூருவின் கொடை அதன் தட்பவெப்பம்தான். ஜூலையில்கூடப் பகல் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும், காலையும் மாலையும் தாராளமாகப் பயிற்சி செய்யலாம். அதே கொடை ஒரு குறையும் ஆகிறது. டோக்கியோ போன்ற புழுக்கமான ஊரில் ஆட வேண்டிய உடல், பெங்களூருவின் குளுமைக்குப் பழகிவிடும். வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் தேவை. அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்கும், அதில் வெளியேறும் உப்புக் குறையும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்த பிள்ளைக்கு இது தானாகவே கிடைத்துவிடுகிறது. இங்கிருந்து போகிறவர்கள் திட்டமிட்டுப் பெற வேண்டும்.

இனி உணவு. 1960-களில் ஸ்வீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து ஆளுக்கு ஒரு காலால் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். மற்ற காலுக்கு வேலையே இல்லை. பிறகு சில நாட்கள் மாவுச்சத்து நிறைந்த உணவு உண்டு, இரு கால்களிலிருந்தும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து ஓய்வெடுத்த காலைவிட ஏறக்குறைய இருமடங்கு சேர்ந்திருந்தது. விளையாட்டு உணவியலின் பெரும்பகுதி அந்த இரண்டு கால்களிலிருந்து தொடங்குகிறது. தசை தன் வேகத்துக்கான எரிபொருளை மாவுச்சத்திலிருந்து எடுத்துச் சேமிக்கிறது. உழைத்த தசை அதை அதிகம் கேட்கிறது. உண்ணாவிட்டால் மறுநாள் கால் நகராது.

அளவுகள் ஓரளவு உறுதியாகிவிட்டன. நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாக உழைப்பவருக்கு 6 முதல் 10 கிராம். மறுநாளே அடுத்த ஆட்டம் என்றால், முடிந்த உடனே முதல் நான்கு மணி நேரமும் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம். எழுபது கிலோ வீரருக்கு இது மணிக்குக் குறைந்தது 70 கிராம்: இரண்டு வாழைப்பழமும் இரண்டு மூன்று இட்லியும். அரிசியைக் குறை, சப்பாத்தி மட்டும் சாப்பிடு என்று நீரிழிவு நோயாளிக்குச் சொல்லும் அறிவுரையைப் பதினாறு வயது ஓட்டக்காரிக்குச் சொல்லும் வழக்கம் நகரத்துக் குடும்பங்களில் பரவியிருக்கிறது. அவளுக்கு அது கேடு. பயிற்சி முடித்து மைதானத்தை விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு மருந்து மாதிரி.

புரதத்தில் நிலைமை வேறு. நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவை. அதை ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, வேளைக்கு 20 முதல் 25 கிராமாகப் பிரித்து எடுப்பது நல்லது. தென்னிந்தியச் சாப்பாடு தடுமாறும் இடம் இதுதான். காலை இட்லி சட்னி, மதியம் சோறு சாம்பார் ரசம், மாலை காபி, இரவு தோசை என்றால் மாவுச்சத்துக்குக் குறைவில்லை, புரதம் எங்குமே நிரம்பவில்லை. ஒரு கரண்டிச் சாம்பாரில் இருப்பது சில கிராம் மட்டுமே. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8, நூறு கிராம் பன்னீரில் 18-ஐ ஒட்டி, நூறு கிராம் கோழிக்கறியில் 20-க்கு மேல். சைவ உணவுக்காரர்கள் கெட்டியான பருப்பு, சுண்டல், தயிர், சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் வலிந்து சேர்த்தால்தான் கணக்கு நிறையும். சேர்த்தால் நிச்சயம் நிறையும், அதற்கு டப்பாவில் வரும் புரத மாவு தேவைப்படாது.

கர்நாடகத்தின் தானியம் ராகி. நூறு கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி, கோதுமை எதுவும் பக்கத்தில் வராது. வளரும் எலும்புக்கும், குதித்து ஓடுவோரின் கால் எலும்புக்கும் இது பெரிய சொத்து. ராகி முத்தே என்னும் களி மெல்லச் செரிப்பதால் ஆட்டத்துக்கு ஒரு மணி முன்னால் உண்ண ஏற்றதல்ல, முந்தைய இரவுக்கோ பயிற்சி முடிந்த மதியத்துக்கோ பொருந்தும். ராகியிலுள்ள ஃபைட்டேட், டானின் போன்றவை இரும்புச்சத்தைக் கட்டிப்போடும். முளைகட்டி அரைத்தால் அந்தத் தடை குறைகிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டிகிரி காபி அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

இரும்பைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்தப் பெண்களிலிருந்துதான் ஓட்டக்காரிகளும் ஹாக்கிக்காரிகளும் வருகிறார்கள். சிவப்பணு குறைந்த உடலுக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் முழுப் பயன் தராது. ஆனாலும் பல பயிற்சி மையங்களில் ஷூவுக்கும் மட்டைக்கும் செலவு இருக்கும், ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கும் சோதனைக்கு இருக்காது. இதோடு சேர்ந்தது எரிசக்திப் பற்றாக்குறை. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது உடல் முதலில் இனப்பெருக்க அமைப்பின் செலவைக் குறைக்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும். பின்னாலேயே எலும்பு மெலியும், அடிக்கடி சளி பிடிக்கும், மனம் சோரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதற்கென ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆண்களுக்கும் இது நேரும் என்று சொன்னது. மாதவிடாய் நிற்பதைக் கடும் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பயிற்சியாளர் ஆபத்தானவர். அவரிடமிருந்து பெண்ணை அழைத்து வந்துவிடுவதே நல்லது.

தண்ணீர்க் கணக்கைக் கண்ணால் பார்க்க ஓர் எடை மேடை போதும். பயிற்சிக்கு முன் 70 கிலோ, முடிந்து வியர்வையைத் துடைத்து நின்றால் 68.6 என்று வைத்துக்கொள்வோம். போன 1.4 கிலோ ஏறக்குறைய முழுவதும் தண்ணீர், உடல் எடையில் 2 விழுக்காடு. இதற்கு மேல் போனால் வெயிலில் ஓட்டமும் கவனமும் குறையும். ஈடுகட்ட அடுத்த சில மணி நேரத்தில் 2 லிட்டரை ஒட்டிக் குடிக்க வேண்டும், ஏனென்றால் குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும். வெறும் தண்ணீர் போதாது, ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியமும் போகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். பெங்களூருச் சாலையோரமெங்கும் கிடைக்கும் இளநீர் நல்ல பானம்தான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் எதிர்த்திசையிலும் தவறுகிறார்கள். வியர்த்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்து இரத்தச் சோடியம் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

தேறும் வழிகளில் உறக்கத்துக்கு இணையானது எதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்தபோது அவர்களின் ஓட்ட வேகமும் பந்து எறியும் துல்லியமும் கூடின. செரி மா தலைமையிலான அந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஐந்தரைக்கு மைதானம், பிறகு பள்ளி, மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரப் பயணம், இரவு பதினொன்று வரை வீட்டுப்பாடம் என்று ஓடும் பெங்களூருப் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை நிறுத்தினாலே அந்தப் பிள்ளை முன்னேறும்.

பனிக்கட்டித் தொட்டியில் அமர்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. 10 முதல் 15 டிகிரி நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் தசைவலி குறையும். டோக்கியோ மாதிரி நாள்விட்டு நாள் ஆடும் போட்டியில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் வலுவைக் கட்டும் பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு எடைப் பயிற்சிக்குப் பிறகும் பனிநீரில் இறங்கினால் தசை வளர்ச்சியே குறைகிறது என்று 2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 12 வாரச் சோதனையில் காட்டினார்கள். தசையைக் கட்டத் தூண்டும் உட்சமிக்ஞைகளையே குளிர் மழுங்கடித்துவிடுகிறது.

துணை உணவுகளில் சான்று உள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: கஃபீன், கிரியேட்டின், பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட், இன்னும் ஓரிரண்டு. கிரியேட்டினில் நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். இவை தரும் லாபம் சிறியது, மற்றதெல்லாம் சரியாக இருக்கும் தேர்ந்த வீரருக்கு மட்டுமே அது பொருட்டு. ஆபத்தோ பெரியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125-ல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அதிக மாதிரி எடுத்த நாடுகளில் அதுவே மிக உயர்ந்த விகிதம். எல்லாரும் தெரிந்தே ஏமாற்றியவர்கள் அல்லர். ஜிம்மில் யாரோ கொடுத்த பொடி, மருந்துக்கடையில் கேட்காமல் வாங்கிய ஊசி, சேர்மானம் எழுதாத லேகியம் ஆகியவற்றிலிருந்தும் வருகிறது. சட்டம் இதில் கண்டிப்பானது. உடலுக்குள் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையது. நான்கு ஆண்டுத் தடை என்பது பல ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு வாழ்வின் முடிவு.

பெங்களூரில் பிள்ளையை எந்த விளையாட்டு மையத்தில் சேர்க்கப் போனாலும் பெற்றோர் முதலில் பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். வாரத்தில் முழு ஓய்வு நாள் எது? பயிற்சி முடிந்து அரை மணிக்குள் பிள்ளை என்ன சாப்பிடும்? ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை உண்டா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லாத மையம், எத்தனை கோப்பைகள் அடுக்கி வைத்திருந்தாலும், பிள்ளையை விடத் தகுந்த இடம் அல்ல.